பெர்பெத்து டீச்சரின் அசதி

கல்லாமுனைக்காரர்களுக்கு மேடை போடத் தெரியும், மைக் கட்டத் தெரியும், வந்தவன் போனவன் கழுத்திலெல்லாம் பொன்னாடை போர்த்தத் தெரியும், அதைத் தவிர வேறென்ன தெரியும் என்று கேட்டால் அவர்களே கொஞ்ச நேரம் யோசிப்பார்கள். ஊருக்குக் கிழக்கே கடல், தெற்கே உப்பளம், நடுவில் நகராட்சி மேடை. கடலுக்குப் போகிறவன் கடலுக்குப் போவான், உப்பு வாருகிறவள் உப்பு வாருவாள், மிச்சமிருக்கிற பெருங்கூட்டம் மேடைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து யாருக்காவது கைதட்டும், கைதட்ட ஆள் கிடைக்காத நாளில் யாரையாவது கேலி பேசும். இப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்த பெர்பெத்துவுக்கு முப்பத்துநாலாம் வயதில் டிரையத்லான் போட்டிக்குப் போக வேண்டும் என்று ஆசை வந்தது. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், அதை ஊரிடம் சொல்லித் தொலைத்தாள் பாருங்கள், அதுதான் அவள் செய்த பிசகு.

அந்தப் போட்டி இப்படி: விடியற்காலம் கடலில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நீந்த வேண்டும், ஈரம் சொட்டச் சொட்டச் சைக்கிளில் ஏறித் தொண்ணூறு கிலோமீட்டர் மிதிக்க வேண்டும், இறங்கின காலோடு இருபத்தொரு கிலோமீட்டர் ஓட வேண்டும், இத்தனையும் எட்டரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், ஒரு நிமிஷம் பிந்தினாலும் நீ வந்ததாகவே யாரும் எழுதமாட்டார்கள். இதைக் கேட்டு ஊர் ஒரு வாரம் சிரித்தது. "நீந்தணும்னா நீந்து, மிதிக்கணும்னா மிதி, மூணையும் ஒரே நாள்ல செய்யணும்னு ஒன்னைய யாரு அடிச்சா?" என்றார் தையல்காரர் சங்கத் தலைவர் ஞானதிரவியம். அவர் தம் கடையிலிருந்து எதிர்த்த டீக்கடைக்குப் போவதற்கே ஸ்கூட்டரை உதைக்கிறவர்.

பெர்பெத்து போனாள். முதல் போட்டியில் மீனவர் வீட்டுப் பெண் என்பதைக் காட்டி எல்லோருக்கும் முன்னால் கரையேறினாள், ஏறின தெம்பில் சைக்கிளை வெறி பிடித்து மிதித்தாள், அறுபதாவது கிலோமீட்டரில் தொடை இரண்டும் செத்துப்போய், சைக்கிளுக்கென்று தனியாக வைத்திருந்த கெடுவுக்கு நாலு நிமிஷம் பிந்தி உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, நேரம் குறிப்பதற்காகக் காலில் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்து வாங்கிக்கொண்டார்கள். இரண்டாவது போட்டியில் கடலிலேயே சொறிமீன் முகத்தில் உரசி, உதடும் கண்ணும் வீங்கி, ஒற்றைக் கண்ணோடு முப்பது கிலோமீட்டர் மிதித்துவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தியெடுத்தாள். மூன்றாவதில் நீந்தி முடித்தாள், மிதித்து முடித்தாள், ஓடியும் முடித்தாள், ஆனால் எட்டு மணி நேரமும் முப்பத்தாறு நிமிஷமும் ஆகியிருந்தது; முடிவுக்கோட்டில் நிறுத்தியிருந்த வளைவைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டிருந்த ஆள் அவளைப் பார்த்து, "அக்கா, கொஞ்சம் காலை எடுங்க, துணி மாட்டுது" என்றான். காலை எடுத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு தடவையும் ஊர் பேருந்து நிலையத்திலேயே காத்திருந்து கேட்டது: "என்ன டீச்சர், இந்தத் தடவையாச்சும் போயிச் சேந்தியளா?" அவள் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுவாள். சொல்வதென்றால் அக்காள் நேவிஸிடம் மட்டும் சொல்வாள். நேவிஸ் நகராட்சி சேர்மன் செம்புலிங்கத்தின் உப்பளத்தில் உப்பு வாருகிறவள்; இருவரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, மின்விசிறியின் வேகத்திலிருந்து குழம்பின் புளிப்பு வரைக்கும் எல்லாவற்றுக்கும் சண்டை போட்டுக்கொண்டு, ஒருத்தியில்லாமல் ஒருத்தி சாப்பிடாமல் இருந்தார்கள்.

"பதக்கத்துக்குப் போகலக்கா," என்றாள் பெர்பெத்து ஒருநாள். "எல்லாம் முடிஞ்சு மணல்ல விழுவேன்ல, அப்ப உச்சந்தலையிலேருந்து உள்ளங்கால் வரைக்கும் ஒரு அசதி வரும். எலும்புக்குள்ள எல்லாம் நெறஞ்சு போயிக் கெடக்கும். அந்த மாதிரி எனக்குன்னு வேற ஒண்ணும் கெடையாது."

நேவிஸ் வெடித்துக் கிடந்த உள்ளங்காலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "எனக்கு அது தெனமும் சும்மா கெடைக்கு," என்றாள். "நீ அதை வாங்குறதுக்குப் பஸ் ஏறிப் போற." இதைச் சொல்ல ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் யோக்கியதை இருந்தது, அதனால் பெர்பெத்து சிரித்துக்கொண்டாள்.

மூன்றாம் தோல்விக்குப் பத்தாம் நாள் அது நடந்தது. நகராட்சி சேர்மன் செம்புலிங்கம் பேருந்து நிலையத்தில் ஒரு கழிப்பறை கட்டியிருந்தார், அதைத் திறந்துவைக்க ஒரு சினிமா நடிகரை அழைத்திருந்தார், நடிகர் வரவில்லை. நடிகருக்கென்று நாற்பத்திரண்டு பொன்னாடை வாங்கி, எதை யார் சார்பாகப் போர்த்துவது என்று பட்டியலும் எழுதி, மைக்கில் வாசிக்க ஆளும் நின்றாயிற்று. பட்டியலை வீணாக்குவதாவது! அந்நேரம் பார்த்துப் பெர்பெத்து சைக்கிளில் வேர்த்து விறுவிறுத்துப் போய்க்கொண்டிருந்தாள். அவளைப் பிடித்து மேடையில் ஏற்றி, 'விடாமுயற்சியின் வீராங்கனை' என்று அந்த நிமிஷத்தில் ஒரு பட்டத்தையும் கொடுத்து, போர்த்து போர்த்து என்று போர்த்தினார்கள். தையல்காரர் சங்கம் சார்பாக, வியாபாரிகள் பேரவை சார்பாக, முடிதிருத்துவோர் சார்பாக, நகராட்சி உறுப்பினர்கள் சார்பாக, பெற்றோர் ஆசிரியர் கழகம் சார்பாக. யார் சார்பாகவோ அவர்களை யாரும் கேட்பதில்லை, போர்த்துகிறவருக்குக் காசும் செலவில்லை, அதுதானே அந்தச் சொல்லின் சௌகரியம். நாற்பத்திரண்டு சால்வைக்குள் அவள் மூச்சுமுட்டி நின்றாள், ஊர் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே கைதட்டியது.

மறுநாள் காலையில் அவள் பயிற்சிக்காகத் தொண்ணூறு கிலோமீட்டர் மிதித்தாள், எண்பதாவது கிலோமீட்டரில் தொடையைத் தட்டிப் பார்த்தாள், வீட்டிலிருந்து அப்போதுதான் கிளம்பினது போல இருந்தது. அதே நேரத்தில் கல்லாமுனையில் பதினெட்டுத் தையல்காரர்கள் மிஷின்மேல் தலையை வைத்துத் தூங்கினார்கள், முடிதிருத்துகிறவர்கள் பாதி மீசையோடு ஆட்களை உட்காரவைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார்கள், வியாபாரிகள் தராசைப் பிடித்த கையைத் தூக்கமுடியாமல் நின்றார்கள், நகராட்சி உறுப்பினர்கள் மட்டும் வழக்கம்போலவே இருந்ததால் அவர்களுக்கும் வந்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியவில்லை. டாக்டர் நாலு நாள் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஐந்தாம் நாள் யாரோ சால்வைப் பட்டியலையும் படுத்தவர்கள் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், ஒரு பெயர்கூடப் பிசகவில்லை.

யாரும் வாயைப் பிளக்கவில்லை. "சார்பாகன்னு மைக்ல சொன்னா சார்பாகத்தானே வரும்," என்றார் ஞானதிரவியம் கொட்டாவிக்கு நடுவில், அதோடு விளக்கம் முடிந்தது. அப்புறம் ஏச்சு தொடங்கியது. அவள் நீந்தினால் ஊருக்குத் தோள் கழன்றது, ஓடினால் ஊருக்குக் கெண்டைக்கால் பிடித்தது; இருபது வருஷமாக உட்கார்ந்தே இருந்த சதைகள், பாவம், இப்படியொரு வேலை உலகத்தில் இருக்கிறது என்பதே அவற்றுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "அந்த மூதேவி எதுக்கு ஓடுதா? வீட்ல கெடக்க வேண்டியதுதான?" என்று படுத்துக்கொண்டே திட்டினார்கள்.

இந்த ஏச்சு ரெண்டு மாதம் நடந்தது, அடுத்த போட்டியோடு நின்றது. அந்தப் போட்டியில் பெர்பெத்து பெண்களில் முதலாவதாக வந்தாள். கோட்டைத் தாண்டி நின்றாள், மூச்சு வாங்கவில்லை, முகத்தில் வேர்வை மட்டும் சும்மா ஒழுங்குக்கு வழிந்தது. படம் எடுக்கிறவன் வந்து பார்த்துவிட்டு, "மேடம், கொஞ்சம் களைச்ச மாதிரி நில்லுங்க" என்றான். அவளுக்கு அப்படி நிற்கத் தெரியவில்லை. பதக்கம் கழுத்தில் விழுந்தது, மணல் பக்கத்திலேயே கிடந்தது, அதில் விழுவதற்கு ஒரு காரணமும் இல்லாமல் நடந்து போய்ப் பஸ் ஏறினாள்.

ஊரோ தலைகால் தெரியாமல் ஆடியது. பேருந்து நிலையத்துக்கு எதிரே நாற்பதடிப் பேனர் எழுந்தது: சேர்மன் ஆளுயரத்துக்குக் கும்பிட்டு நின்றார், சங்கத் தலைவர்கள் ஆளுக்கொரு வட்டத்துக்குள் சிரித்தார்கள், ஓரத்தில் ஓட்டுப் போடுகிற அட்டையிலிருந்து எடுத்த பெர்பெத்துவின் தலை தபால்தலை அளவுக்கு இருந்தது. 'வென்றது கல்லாமுனை' என்று எழுதியிருந்தார்கள். டீக்கடையில் ஞானதிரவியம் வேட்டியைத் தூக்கித் தொடையைக் காட்டி, "சைக்கிள்ல நாப்பதுலேருந்து அறுபது கிலோமீட்டர் வரைக்கும் இந்தத் தொடைதான், தெரியும்லா?" என்றார். அது தம்முடையது என்று இன்னொருவர் சண்டைக்கு வந்தார். ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் கத்தினார்கள், ஒருவராவது எழுந்து நிற்கவில்லை.

அப்படியே அது ஊர் வழக்கமாகிவிட்டது. டீச்சரின் வாராந்தரப் பயிற்சி நகராட்சிப் பலகையில் ஒட்டப்பட்டது, அதைப் பார்த்துத்தான் கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். 'டீச்சர் நீண்ட ஓட்டம் ஓடிய காரணத்தால்' என்று எழுதி விடுப்புக் கேட்டால் எந்த அலுவலகத்திலும் மறுக்கவில்லை, அவள் ஓடாத நாளிலும் கேட்டார்கள், அப்போதும் மறுக்கவில்லை. தூக்கம் வராத வக்கீல் ஒருவர் அவளை வாசலில் மறித்துத் தம் சார்பாகத் தாமே ஒரு துண்டைப் போர்த்திவிட்டுப் போனார். அன்றைக்கு ஊரில் மற்ற எல்லோரும் துள்ளிக் குதித்து நடக்க, அவர் ஒருத்தர் தொண்ணூறு கிலோமீட்டரையும் தனியாக வாங்கிக்கொண்டு மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்து, குளுக்கோஸ் ஏற்றித்தான் பிழைத்தார். புது மரியாதை விழுந்தால் பழைய மரியாதை செல்லாது, ஒரே மேடையில் பல பேருக்காகப் போர்த்தினால் பங்கு உண்டு, ஆள் குறையக் குறைய அசதி கூடும் என்பது அப்போதுதான் தெரிந்தது. தெரிந்த மறுநாளே ஒரு மாமியார் 'மருமகள் சார்பாக' என்று சால்வையோடு வந்து நின்றாள். நகராட்சி அனுமதியில்லாமல் டீச்சருக்கு யாரும் எதையும் போர்த்தக் கூடாது என்று தீர்மானம் போட்டுப் பழைய பட்டியலையே திரும்ப மேடையேற்றினார்கள்.

பெர்பெத்துவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எட்டு மாதமாக அவளுக்குப் பசி இல்லை, தூக்கம் இல்லை. படுத்தால் கண் கொட்டக் கொட்ட விழித்துக் கிடப்பாள், தெருவில் ஊரே அவளுடைய அசதியைப் போட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும். சவத்துப் பயல்கள், வாங்கினதை அனுபவிக்கவும் தெரியவில்லை, சும்மா புலம்பிக்கொண்டே தூங்குகிறான்கள் என்று அவளுக்கு ஆத்திரமாக வரும். ஆனாலும் அவள் நிறுத்தவில்லை, ஏனென்றால் வெற்றி ருசியாகத்தான் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அடுத்த சித்திரையில் போட்டியையே கல்லாமுனைக்குக் கொண்டுவந்தார் செம்புலிங்கம். கடலில் நீச்சல், நெடுஞ்சாலையில் சைக்கிள், உப்பளத்துச் சாலையில் ஓட்டம். முதலாவதாக வருகிறவருக்கு வெளிநாட்டில் நடக்கிற உலகப் போட்டிக்கு நேரடி அனுமதி. பெர்பெத்துவுக்கு முப்பத்தெட்டு முடிந்திருந்தது, இன்னொரு வாய்ப்பு வருமென்று அவள் நினைக்கவில்லை. ஊருக்கும் வெற்றி வேண்டும், ஆனால் போட்டியன்று ஊர் பந்தலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டாமா? சொந்த ஊரில் நடக்கிற விழாவில் எவன் படுத்துக் கிடப்பான்? நகராட்சிக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமாக எழுந்து கையை விரித்தது. ஈஸ்டர் துணி தைக்க வேண்டும் என்றது தையல் சங்கம், ஈஸ்டர் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

"எதுக்கு நமக்குள்ள சண்டை?" என்றார் சேர்மன். "நம்ம உப்பளத்துல முப்பத்தொரு பொம்பளைக இருக்காவ. அவுகளுக்கு இதெல்லாம் ஒரு அசதியா? தெனமும் படுறதுதான, கூட ஒரு கை வச்சா என்ன?"

ஏகமனதாக நிறைவேறியது. இந்த ஒரு காரியத்துக்கு அந்த மன்றத்தில் ஒரு ஆள்கூடத் தூங்கவில்லை.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் மேடையில் வைத்துத்தான் பெர்பெத்துவுக்குத் தெரிந்தது. ஒற்றைப் பொன்னாடையை விரித்து, "உழைக்கும் உப்பளத் தாய்மார்கள் சார்பாக!" என்று செம்புலிங்கம் குரல் தழுதழுக்கப் போர்த்தினார். அவள் மைக்குக்கு எட்டாத குரலில், "அண்ணாச்சி, நாளைக்கு அவுகளுக்கு லீவு குடுத்துருங்க" என்றாள். "குடுத்துருவோம்மா, நீ ஓடுறதைப் பாரு" என்று பல்லைக் காட்டினார். கொடுக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். கூட்டத்தின் கடைசியில் நேவிஸ் நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். பெர்பெத்து அந்தச் சால்வையைக் கழற்றி அவர் மூஞ்சியில் எறிந்திருக்கலாம், எறியவில்லை, ஒரே ஒரு நாள்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் நேவிஸ் கஞ்சியைக் கரைத்துக்கொண்டே, "செயிச்சிட்டு வாட்டி, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றாள். பெர்பெத்து சரி என்று சொன்னாள். ஆமாம், சரி என்றுதான் சொன்னாள்.

காலை ஆறு மணிக்குக் கடலில் குதித்து முதலாவதாகக் கரையேறினாள், சைக்கிளில் இரண்டாவது ஆளைப் பதினோரு நிமிஷம் பின்னால் விட்டாள், ஒன்பதரைக்கெல்லாம் ஓடத் தொடங்கிவிட்டாள். வெயில் அப்போதே மண்டையைப் பிளந்தது. பந்தலில் ஊர் விசிறியடியில் உட்கார்ந்து, "நம்ம டீச்சர்! நம்ம டீச்சர்!" என்று மோர்த் தம்ளரைத் தூக்கியது, அத்தனை பேரும் பூத்த பூ மாதிரி இருந்தார்கள். உப்பளத்துச் சாலையைப் போட்டியில் இரண்டு தடவை கடக்க வேண்டும். முதல் தடவை ஏழாவது கிலோமீட்டரில் கடந்தபோது, பாத்திக்குள் வேலை நடந்துகொண்டிருந்தது, நாலைந்து பேர் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தி குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெர்பெத்து பார்த்தாள், தலையைத் திருப்பிக்கொண்டு ஓடினாள்.

இரண்டாம் தடவை, பதினெட்டாவது கிலோமீட்டரில், நின்றுகொண்டிருந்தவர்கள் யாருமில்லை. வரப்பு நெடுக, சேலைமேல் மாட்டிய ஆண்கள் சட்டையும் தலைத்துண்டுமாக, பெண்கள் வாருபலகையைக் கையில் பிடித்தபடியே விழுந்து கிடந்தார்கள், ஒருத்திக்கு வாயோரம் நுரை தள்ளியிருந்தது, மேஸ்திரி ஓரமாக நின்று, "எந்திரிங்கட்டி, நடிக்காதிய" என்று கத்திக்கொண்டிருந்தான். மூன்றாவது பாத்தியில் நேவிஸ் உப்புத் தண்ணீருக்குள் பக்கவாட்டில் கிடந்தாள், பாதி முகம் உப்பில் புதைந்திருந்தது. பெர்பெத்துவின் கால் தானாக நின்றது.

சாலையிலிருந்து இறங்கி ஓடினால் அந்த ஓட்டமும் அவர்கள் தலையில்தான் விழும் என்று தெரிந்து, ஒவ்வொரு அடியாக, கண்ணாடிமேல் நடப்பதுபோல் நடந்துபோய் அக்காளைத் தூக்கி வரப்பில் கிடத்தினாள். தூக்கின கனத்துக்கு நேவிஸே முனகினாள். நேவிஸின் காலைப் பிடித்து அமுக்கத் தொடங்கியதும், "விடுட்டி," என்றாள் அவள் கண்ணைத் திறக்காமல், "நீ அமுக்க அமுக்கத்தான் அசதியா வருது." பெர்பெத்து கையை எடுத்துவிட்டாள். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

பதினோரு நிமிஷம் கழித்து இரண்டாவது பெண் கடந்துபோனாள். அப்புறம் மூன்றாவது, அப்புறம் ஆறேழு பேர் கூட்டமாக. அதற்குள் சேர்மனின் ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது, பின்னாலேயே ஞானதிரவியத்தின் ஸ்கூட்டர்.

"என்னம்மா, என்ன ஆச்சு? கால் பிசகிருச்சா?" என்றார் சேர்மன்.

"இல்ல அண்ணாச்சி. நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இருந்துக்கிட்டா உக்காந்திருக்க? மூணு கிலோமீட்டர்! சின்னப்புள்ள நடந்து போயிரும்! ஊர் மானத்தை வாங்காத, எந்திரி!"

"லீவு குடுக்கேன்னு சொன்னியளே."

"அதை அப்புறம் பேசுவோம், மொதல்ல எந்திரி!" என்று கையைப் பிடித்து இழுத்தார். அவள் அசையவில்லை, அவளுக்குத்தான் அசதியே கிடையாதே, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காருவாள். அவர் இழுத்து இழுத்து மூச்சிரைத்தார். ஞானதிரவியம், "இவளுக்காக எட்டு மாசம் தொடை நொந்தேனே" என்று உண்மையிலேயே அழுதார். போட்டி நடத்துகிறவர்களில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் தாளோடு வந்து, விலகுவதற்கு என்ன காரணம் எழுதட்டும், வெயிலா, காயமா, களைப்பா என்று கேட்டார். "களைப்புன்னு மட்டும் எழுதாதிய," என்றாள். அவர் தாளில் வேறு கட்டம் இல்லை, களைப்பு என்றே எழுதிக்கொண்டு போனார். சேர்மன் ஜீப்பில் ஏறி, பந்தலில் கூட்டத்தைச் சமாளித்துவிட்டு வந்து இவளைக் கவனிப்பதாகச் சொல்லிவிட்டு ஞானதிரவியத்தோடு போனார். கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று ஒருத்தனுக்காவது தோன்றியதா? தோன்றவில்லை.

நேவிஸ் மெல்லக் கண்ணைத் திறந்தாள். நடந்ததைப் புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "கிறுக்கி," என்றாள். "மூணு கிலோமீட்டர்தானட்டி. ஓடியிருக்க வேண்டியதுதான. தாங்கியிருப்போம்லா?"

பெர்பெத்துவுக்கு அதுவரை வராத கோபம் அப்போது வந்தது. "தாங்குவிய! எனக்குத் தெரியாதா, தாங்குவிய! தாங்குவியன்னுதான எவனெவனோ ஏத்துதான்! நானும் ஏத்தினேனே யக்கா, நேத்து மேடையில நின்னு கேட்டுக்கிட்டு, இன்னைக்கு ஏழாவது கிலோமீட்டர்ல ஒங்களப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு ஓடினேனே, அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?" கத்தினாள், கத்தின களைப்பும் நேவிஸுக்கே போயிற்று, அவள் தலை சாய்ந்தது. பெர்பெத்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுவதும் அசதிதான் என்று நினைவு வந்ததும் அதையும் நிறுத்தினாள்.

"யக்கா," என்றாள் மெதுவாக. "ஒந் துண்டை எடுத்து எனக்குப் போத்து. ஒரு பேரைச் சொல்லு. போதும்."

நேவிஸின் உப்பேறிய உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. "செம்புலிங்கம் பேரைச் சொல்லட்டா? பந்தல்லயே மல்லாந்துருவான்."

பெர்பெத்து அதை நினைத்துப் பார்த்தாள். மேடையில் கும்பிட்டபடியே அவர் சரிவதை, ஆறு பேர் தூக்கிக்கொண்டு ஓடுவதை, வேட்டி அவிழ்வதை எல்லாம் ஒன்றுவிடாமல் நினைத்துப் பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது.

"அவனுக்கா?" என்றாள். "தூ! நாலு வருசம் கடல்லயும் ரோட்டுலயும் கெடந்து நான் சம்பாதிச்ச அசதி அது. அந்த மூஞ்சிக்கு அது கேக்குதா? அவனுக்கு ஒரு கொட்டாவிகூடக் குடுக்கமாட்டேன். எம் பேரைச் சொல்லு."

நேவிஸ் தலையிலிருந்து துண்டை உருவினாள். அது வேர்வையிலும் உப்பிலும் விறைத்துப்போயிருந்தது. இரண்டு கையையும் தூக்க முடியாமல் ஒரு கையால் அதைத் தங்கையின் தோளில் எறிந்து, மைக்கும் இல்லாமல், கேட்க ஆளும் இல்லாமல், "எந் தங்கச்சி பெர்பெத்து சார்பாக" என்றாள்.

வந்தது. காலையில் நீந்தின கடல் முழுசும் தோளில் வந்து விழுந்தது, தொண்ணூறு கிலோமீட்டரும் இரண்டு தொடைக்குள் இறங்கியது, பதினெட்டுக் கிலோமீட்டர் வெயிலும் மண்டைக்குள் ஏறியது; கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டு கல்லாக, வயிறு புரட்டி, பெர்பெத்து வரப்பிலிருந்து உருண்டு பாத்தியோரம் விழுந்து ஊளையிட்டாள். வரப்பு நெடுக முப்பது பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தலையைத் தூக்கி, எழுந்து உட்கார்ந்து, குடத்தைத் தேடினார்கள். நேவிஸ் எழுந்து வந்து தங்கையின் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"வலிக்காட்டி?"

"உசிரு போகுதுக்கா," என்றாள் பெர்பெத்து. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. "தொடை... ரெண்டு தொடையும்... பசிக்குது யக்கா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள், அந்த வார்த்தை முடிவதற்குள், எட்டு மாதத்தில் முதல் தடவையாக, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள்.

ஜீப் திரும்பி வந்தது. செம்புலிங்கம் இறங்காமலே, கெடு முடிய இன்னும் நேரமிருக்கிறது, நடந்தாவது வந்து சேரட்டும், கடைசியாக வந்தாலும் பரவாயில்லை, மேடையில் எல்லோரும் காத்திருக்கிறார்கள், எழுப்பு அவளை என்று கத்தினார். பெண்கள் முப்பது பேரும் வாருபலகையை ஊன்றிக்கொண்டு எழுந்து நின்றார்கள். நேவிஸ் எழுந்திருக்கவில்லை, மடியில் காலிருந்தது.

"சத்தம் போடாதிய," என்றாள். "அவ அசதி, அவ தூங்குதா."